நான் வளர்த்த கொம்பு

காட்டுப்பன்றி என்னைத் துரத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் துரத்தியது என்பார்கள். பத்தாவது ஆள் நான். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தமடைக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு வயல் உண்டு. என் மனைவி வழியில் வந்தது. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். விடியற்காலம் ஒரு மணி நேரம் விவசாயி, பிறகு பஸ் ஏறினால் கிளார்க். மற்ற நேரமெல்லாம் வயலைப் பார்த்துக்கொள்வது ஆண்டவரும், எங்கள் பகுதிக்கு மடை திருப்பி விடுகிறவரும்தான். அவர் என் வயதுக்காரர். எந்த வரப்பில் நண்டு வளை போட்டிருக்கிறது, யார் வயலுக்கு யார் திருட்டுத் தண்ணீர் விட்டார் என்பதெல்லாம் ஈரத்தில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த மடையில் பாயும் வயல்களுக்குச் சொந்தக்காரர்களான ஆயக்கட்டுக்காரர்கள் அறுவடைக்கு அறுவடை அளந்து போடும் நெல்லில்தான் அவர் குடும்பம் ஓடுகிறது.

எங்கள் பக்கத்துப் பன்றிகள் மலையிலிருந்து இறங்கி வருகிறவை என்று பேப்பரில் எழுதுகிறார்கள். மலை எங்கேயோ இருக்கிறது. இவை ஆற்றங்கரைக் கோரையிலும் ஓடைக்கரைச் சீமைக்கருவேலத்திலும் பிறந்து வளர்ந்து ரேஷன் கார்டு மட்டும் வாங்காத உள்ளூர்க்காரர்கள். பிசானப் போகத்தில், தை பிறக்கிற வாக்கில், நெல் பால் பிடிக்கிற சமயம் பார்த்து இறங்கும். கதிரை வாயில் இழுத்துப் பாலை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். தின்றது ஒரு பங்கு என்றால், உருண்டு புரண்டு சாய்த்தது நாலு பங்கு.

கேட்ட வைத்தியம் எல்லாம் செய்தேன். சலூனில் ஒரு சாக்கு முடி வாங்கி வந்து வரப்பு நெடுகத் தூவினேன். மோந்து பார்க்கையில் முடி மூக்கில் ஏறி, பன்றி ஓடிவிடுமாம். ஓடவில்லை. அடுத்து, கருவேலங்கம்பு நட்டு மனைவியின் பழைய சேலைகள் பதினொன்றை வயலைச் சுற்றிக் கட்டினேன். சேலை ஆடினால் ஆள் நிற்கிறதாகப் பன்றி நினைக்குமாம். என் வயல் ஆடித் தள்ளுபடிக் கடை மாதிரி ஆகிவிட்டது. ரோட்டில் போன பஸ்ஸில் பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பன்றிகளும் பார்த்திருக்கும்.

தை மாதம், ஒரு காலை, ஆறே கால் இருக்கும். நல்ல பனி. வயல் மூலையில் திரும்புகிறேன், ஏழெட்டுத் தப்படி தூரத்தில் வரப்பின் மேல் நிற்கிறது. பெரிய உடம்பு. இடது காது பாதி கிழிந்து தொங்குகிறது. அதன் காலுக்கடியில் கோடு போட்ட குட்டிகள், ஆறோ ஏழோ, அணில் பெருத்த மாதிரி. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. இருவரில் ஒருவர்தான் நிதானமாக இருந்தார், அது நான் இல்லை. அது ஒரு தடவை மூச்சை உஸ்ஸென்று விட்டது. பிறகு திரும்பி, குட்டிகளை முன்னால் விட்டு, நெல்லுக்குள் இறங்கிப் போய்விட்டது.

அது போன பிறகுதான் நான் ஓடினேன். ஒரு மனுசன் இதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டும். எதிரி புறமுதுகு காட்டிப் போன பின்னும் எதிர்த்திசையில் ஓடியவன் நான். நாற்பது எட்டு ஓடியிருப்பேன். குறுக்கே நான் கட்டிய வேலி. மனைவியின் மாம்பழக்கலர் நைலக்ஸ் சேலை முகத்தில் சுற்றிக்கொண்டது. பன்றிதான் என்னை மூடிவிட்டது என்று நினைத்து அதோடு மல்லுக்கட்டினேன். சேலை ஜெயித்தது. சாய்ந்த கருவேலங்கம்பின் மேல் விழுந்தேன். இடது தொடையில் கம்பு கிழித்து இறங்கியது. வயலைக் காக்கக் கட்டிய வேலியில் சிக்கிய ஒரே மிருகம் நான்தான்.

ரத்தம் சொட்டச் சொட்ட ரோட்டுக்கு வந்தேன். டீக்கடையில் நாலைந்து பேர். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு, கிளாசைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“என்னவே, பன்னி குத்திட்டா?”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. “பன்னி…” என்றுதான் சொன்னேன். அதற்குமேல் மூச்சு வரவில்லை. மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஒத்தப் பன்னியாகத்தான் இருக்கும் என்றார், கூட்டத்தில் சேராமல் தனியாகத் திரிகிற ஆண்பன்றிதான் ஆளைக் குத்தும். இன்னொருவர் தன் கையை முழங்கை வரை காட்டி, கொம்பு இத்தனை நீளம் இருந்திருக்குமே என்றார். கீழ்த்தாடையிலிருந்து வளைந்து வெளியே நிற்கும் பல்லைத்தான் நாங்கள் கொம்பு என்போம். நான் தலையை ஆட்டினேன். சேலையில் சிக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் காலம் முடியும் வரை அந்தக் கடையில் எனக்கு அதுதான் பட்டப்பெயர். ஊரையெல்லாம் நான் கிண்டல் செய்து சேர்த்து வைத்த பாக்கி அப்படி.

அவர்களே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார்கள். டாக்டர் எது கிழித்தது என்று கேட்டபோது நான் வாயைத் திறக்குமுன் மூன்று பேர் பதில் சொல்லிவிட்டார்கள். தையல் போட்டு, வெறிநோய்த் தடுப்பூசியும் ஆரம்பித்தார்கள். கருவேலங்கம்பு கீறியதற்கு வெறிநோய் ஊசி போட்டுக்கொண்டவன் திருநெல்வேலி ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். அடுத்த ஊசிகளுக்குத் தனியாகத்தான் போனேன். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நர்ஸ் மரியாதையாக ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். சொல்ல மனசு வரவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற அளவில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் சபையில் ஆராதனை நடுவே சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். நோயில் பிழைத்தவர், விபத்தில் தப்பியவர், மகனுக்கு வேலை கிடைத்தவர் எல்லாம் முன்னால் போய் நின்று ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் நேராக என்னைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டார். எழுந்து நடந்தேன். வலியில் கொஞ்சம் நொண்டினேன், பிறகு வலியில்லாமலும் கொஞ்சம் நொண்டினேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு மைக்கைக் கொடுப்பதும் குரங்குக்குத் தேங்காயைக் கொடுப்பதும் ஒன்று. பனியைச் சொன்னேன். சிவந்த கண்ணைச் சொன்னேன். கொம்பு தொடையில் இறங்கியபோது ஆண்டவரைக் கூப்பிட்டதாகச் சொன்னேன். கூப்பிட்டவுடன் அந்த மிருகம் யாரோ பிடித்து நிறுத்தியது போல நின்று, திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா அழுதுவிட்டார். ஐயர் என் தலையில் கைவைத்து ஸ்தோத்திர ஜெபம் பண்ணினார்.

டீக்கடையில் சொன்ன பொய்யை டீக்கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கோயிலில் சொன்னதை எங்கே போய் எடுப்பது?

அடுத்த வாரம் ஆயக்கட்டுக்காரர்கள் கூடி, வனத்துறைக்கு மனுப் போடுவது என்று முடிவாயிற்று. ஊரில் மனு எழுதுகிறவன் நான்தான். எங்கள் நஷ்டம் உண்மையான நஷ்டம். அதை மட்டும் எழுதியிருந்தாலே போதும். ஆனால் எல்லோரும் என் தொடையைப் பார்த்தார்கள். என் கையெழுத்தில், என் நடையில், ‘கொடிய கொம்புடைய ஒற்றைப் பன்றி ஒன்று மனித உயிருக்கே உலை வைக்கத் துணிந்து’ என்று எழுதி, தையல் போட்ட தொடையின் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வனவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். வந்ததும் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். இரண்டு நாள் காலையில் வந்து வரப்பு வரப்பாக நடந்தார். ரோடு எந்தப் பக்கம், ரயில் எந்தப் பக்கம், புல்லறுக்கும் பெண்கள் எத்தனை மணிக்கு இறங்குவார்கள், மேல்காற்றா கீழ்காற்றா என்று கேட்டுக்கொண்டார். பன்றிக்குக் கண்பார்வை குறைவு, மூக்குதான் எல்லாம் என்றார். சுட்டால் குண்டு போய்ப் புதைய அதன் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். தவறினால் குண்டு தண்ணீரில் பட்டுத் தெறித்து அரை மைல் போகும் என்றார்.

டீக்கடையில் ஒருவர், இவ்வளவு பாடு எதற்கு, பழத்துக்குள் வெடியை வைத்துப் போட்டால் தானே கடித்துச் சாகிறது, இல்லை கரண்டை இழுத்துவிட்டால் தீர்ந்தது என்றார். வனவர் அவரைத் திட்டவில்லை. வெடியைக் கடித்துக் கீழ்த்தாடை போன பன்றி ஒன்று நாலு நாள் உயிரோடு திரிந்ததைப் பார்த்திருக்கிறேன் என்றார். தண்ணீர் குடிக்க வாய்க்காலுக்கு வந்து வந்து நிற்குமாம், குடிக்கத் தாடை இல்லை. கரண்டுக் கம்பியில் பன்றியைவிட மனுசர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள் என்றார்.

அவர் கணக்கு இதுதான். காடு எங்கள் ஊரிலிருந்து தூரம், அதனால் சட்டப்படி சுட இடம் உண்டு. ஆனாலும் சுடுவது கடைசி. கோரையை ஒதுக்கி, கருவேலத்தை வெட்டி, ஆள் கட்டி விரட்டினால் முக்கால்வாசி போய்விடும். குட்டியோடு இருக்கிற தாயை அவர் தொடுவதில்லை. பாவம் என்பது ஒன்று. இன்னொன்று, மந்தையை நடத்துவது தாய்தான். அதைச் சாய்த்துவிட்டால் மிச்சமுள்ளவை திக்குத் தெரியாமல் சிதறி, ஒரு வயலில் மேய்ந்தது பத்து வயலில் மேயும். ஆனால் ஆளைக் குத்திப் பழகிய ஒத்தப் பன்னி வேறு. அதை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்.

அதாவது, என் கொம்பு இல்லாவிட்டால் துப்பாக்கியே வராது.

என்னிடம் தனியாக விசாரித்தார். கீழிருந்து மேலே கிழித்ததா என்றார். ஆமாம் என்றேன். பக்கவாட்டில் தலையை வீசியதா என்றார். வீசியது என்றேன். அவர் கேட்ட கேள்வியிலிருந்தே பதிலை எடுத்துக்கொண்டேன். பரீட்சையில்கூட எனக்கு இவ்வளவு சுலபமாக விடை கிடைத்ததில்லை. அடையாளம் காட்டக் காலையில் நீங்களும் வர வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் மடை திருப்புகிறவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“ஒத்தத் தடம் எங்கனயும் இல்ல அண்ணாச்சி. நானும் ஒரு மாசமா பாக்கேன். தாயும் குட்டிகளுந்தான் வருது. அந்த வனவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிரட்டுமா?”

“மழையில தடம் அழிஞ்சிருக்கும்வே. உமக்கு எதுக்கு இந்த வம்பு?”

மழை பெய்து இருபது நாள் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். அறுவடை முடிந்ததும் என் களத்துக்கும்தான் அவர் நெல்லுக்கு வர வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். “சரி அண்ணாச்சி” என்று போய்விட்டார். என் பொய்யை அதுவரை நான் மட்டும் சுமந்தேன். அந்தச் சாயங்காலம் இன்னொருவர் வாயையும் அடைத்தேன்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். வாழைக்குப் பின்னால், மேட்டு வரப்பில், வனவர் குத்தவைத்து இருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம். மடை திருப்புகிறவர் எங்களுக்குப் பின்னால். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. எதிரே நெல், அதற்கு அப்பால் வாய்க்கால் கரை உயரமாக, வனவர் கேட்ட மண்மேடு. எங்கள் மூச்சைத் தவிர சத்தம் இல்லை.

கோரை அசைந்தது. முதலில் முதுகு, பிறகு தலை. நெல் முழங்காலுக்கு மேல் நின்றதால் வயிறு தெரியவில்லை. தலையைக் குனிந்து கதிரை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை நிமிர்ந்தபோது இடது காது கிழிந்து தொங்கியது.

வனவர் துப்பாக்கியைத் தோளில் சேர்த்தார். கண்ணை எடுக்காமல், உதடு அசையாமல் கேட்டார்.

“சார், இதுதானா?”

தலையசைத்தேன். அவருக்குப் போதவில்லை.

“ஒத்ததானே? கொம்பு பாத்தீங்கல்ல? நீங்க சொன்னாத்தான்.”

இந்த இடத்தை எத்தனையோ தடவை வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் முழங்கால் தாளம் போட்டது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்றெல்லாம். உண்மையில் அப்போது என் மண்டை நன்றாக வேலை செய்தது. இது தாய் என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். முன்பே குட்டியோடு பார்த்தேன் என்றால், அப்போது குத்தியது எது என்பார். அங்கிருந்து கம்பு, சேலை, டீக்கடை, டாக்டர், ஐயர் கைவைத்த தலை வரை வரிசையாக வரும். சோளப்பொரி பொரிகிற நேரத்தில் இதையெல்லாம் கூட்டிக் கழித்துவிட்டேன். வாயைத் திறந்து ஒரு ‘வேண்டாம்’ சொன்னால் போதும். பன்றி கதிரை மென்றுகொண்டிருந்தது.

இரண்டாம் முறையும் தலையசைத்தேன்.

அது கொஞ்சம் திரும்பி, பக்கவாட்டில் நிற்கும் வரை அவர் காத்திருந்தார். ஒரே ஒரு வெடி. முன்னங்காலுக்குப் பின்னால். ஆற்றுப் பக்கம் கொக்கெல்லாம் ஒரே வெள்ளையாக எழும்பிற்று. பன்றி நாலு எட்டு ஓடி நெல்லுக்குள் மறைந்தது, பிறகு நெல் அசையவில்லை.

நான் எழுந்தேன். அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். உடனே போகக் கூடாதாம். உயிர் இருந்தால் ஆளைக் கண்டதும் எழுந்து ஓடும், ஓடினால் எங்கேயோ போய் நாள் கணக்கில் சாகும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நாங்களும் இருந்தோம். அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. மெல்லிசாக, கதவுக் கீல் கிறீச்சிடுகிற மாதிரி. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு நெல்லுக்குள் பல இடத்திலிருந்து. வனவர் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மடை திருப்புகிறவர் எழுந்து வாய்க்கால் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

போய்ப் பார்த்தோம். பால் கட்டிய மடி. ஒரு குட்டி அதைத் தேடிப் பிடித்திருந்தது. எங்களைக் கண்டும் விடவில்லை. வனவர் குனிந்து, பன்றியின் உதட்டை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

“சார், கொம்பு எங்க?”

நான் பதில் சொன்னேன். இதை எழுதவே கை கூசுகிறது.

“பல்செட்டு மாதிரி வீட்டுல கழத்தி வச்சிட்டு வந்திருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. வனவர் என்னைப் பார்க்கவும் இல்லை. துப்பாக்கியிலிருந்து மிச்சத் தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சட்டையைக் கழற்றி அந்தக் குட்டியை அதில் சுற்றினார். இன்னும் ஒன்றைத்தான் பிடிக்க முடிந்தது. மற்றவை கோரைக்குள் போய்விட்டன.

குழி வெட்டியது மடை திருப்புகிறவர். வெடிச் சத்தம் கேட்டுச் சிலர் வந்தார்கள், ஒருவர் கறிக்கு வாளியோடே வந்திருந்தார். கறி கிடையாது, புதைக்கத்தான் வேண்டும், யாரும் தோண்டி எடுக்காமலிருக்க மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும் என்று வனவர் சொன்னார். நானும் மண்வெட்டிக்குக் கை நீட்டினேன். “இருக்கட்டும் அண்ணாச்சி” என்றார் மடை திருப்புகிறவர். தேவைக்கு மேல் ஆழமாகவே வெட்டினார்.

வனவர் சொன்னபடியே ஆயிற்று. அந்தத் தாயின் பின்னால் திரிந்த முந்தைய ஈற்றுப் பெருங்குட்டிகள் பத்து நாளில் கண்ட வயலிலும் இறங்கின. இரண்டு கோடு போட்ட குட்டிகளை நாய்கள் வாய்க்கால் படித்துறையில் கடித்துக் கொன்று போட்டிருந்தன. பால் கொடுக்கிற தாயைச் சுட்டது ஏன் என்று வனவரிடம் மேலதிகாரிகள் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் எனக்கு ஒரு தடவை போன் செய்தார். அன்றைக்கு உங்களுக்குச் சரியாகத் தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். பனி, பதற்றத்தில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்றேன். சரி சார் என்று வைத்துவிட்டார். அதாவது, தெரியாத ஒருவன் சொன்னதை நம்பிச் சுட்டவர் என்று அவர் எழுதிக்கொள்ளலாம்.

மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே எழுந்து முன்னால் போனேன். போன தடவை சொன்ன சாட்சி பொய் என்று ஆரம்பித்தேன். பன்றி துரத்தவில்லை, அது போன பிறகு நான் ஓடினேன் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சேலையோடு மல்லுக்கட்டியதைச் சொன்னேன். கோயிலே சிரித்தது. நான் நிறுத்தியிருக்க வேண்டும். சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தால் எனக்குக் கை தானாக எழும்பும். மாம்பழக்கலர் நைலக்ஸை நடித்தே காட்டிவிட்டேன். ஐயர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கருவேலங்கம்புக்கு ஊசி போட்ட கதையில் முன்வரிசைப் பாட்டியம்மாவுக்குப் புரையேறியது. கடைசியில், பதற்றத்தில் வனவருக்குத் தப்பாக அடையாளம் காட்டிவிட்டேன், மன்னியுங்கள் என்று முடித்தேன். வெளியே வரும்போது தோளைத் தட்டினார்கள். இந்த மாதிரி உண்மையைச் சொல்ல ஒரு மனசு வேண்டும் என்றார் ஒருவர்.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை என்பதை அங்கிருந்தே பார்த்திருந்தேன். அவள் சேலைகள் என்பதால் கோபம் என்று நினைத்தேன். வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் கேட்டாள்.

“அந்த வனவர் கேக்கும்போது, அது தாய்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“பனியா இருந்துச்சு.”

“பனிய கேக்கல. தெரிஞ்சுதான் தலைய ஆட்டுனியளா?”

ரோட்டில் எங்களைக் கடந்து ஒரு பஸ் போயிற்று. அது போகிற வரை எனக்கு அவகாசம் கிடைத்தது.

“தெரியும்” என்றேன்.

அவள் பைபிளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வேகமாக நடந்தாள். மத்தியானம் சோறு போட்டாள். “அந்த மனுசன்ட்ட போய்ச் சொல்லுங்க. கோயில்ல சொன்னத சொல்லாதிய, எங்கிட்ட சொன்னத சொல்லுங்க” என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன். வனவர் மேசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். தாய் என்று தெரியும், குட்டிகளையும் முன்பே பார்த்திருக்கிறேன், தடம் பார்த்தவர் சொல்ல வந்ததை நான்தான் தடுத்தேன் என்றேன். அவர் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“எழுதித் தாங்க.”

மனு எழுதுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பக்கம் நிறைய எழுதினேன். வாங்கி நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“‘அளவற்ற பதற்றத்தில் தலையசைத்துவிட்டேன்’னு இருக்கு.”

“ஆமா.”

“அன்னைக்கு உங்க கை நடுங்கல சார். நான் பக்கத்துலதான் இருந்தேன். மூச்சுகூட ஒழுங்காத்தான் வந்துச்சு. அதனாலதான் நம்புனேன். அத எடுத்துருங்க.”

பேனாவால் அடிக்கப் போனேன். அடித்தல் திருத்தல் இருந்தால் மேலே ஏற்கமாட்டார்கள் என்று இன்னொரு தாள் தந்தார். மறுபடி எழுத உட்கார்ந்தேன். பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தப் பயத்தை எடுத்துவிட்டு எழுதினால் என்ன மிஞ்சுகிறது என்று அதுவரை எழுதிப் பார்த்ததில்லை. கொடிய, அளவற்ற, உலை வைக்கத் துணிந்த எதுவும் வரவில்லை. ‘அது குட்டிகளுள்ள தாய்ப்பன்றி என்று தெரிந்தும், என் பொய் வெளியே வராமலிருக்க, வனவர் இரண்டு முறை கேட்டபோது இரண்டு முறையும் தலையசைத்தேன்.’ மொத்தமே ஏழு வரிதான் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். இரண்டு குட்டிகளும் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். ஒன்று போன வாரம் செத்துவிட்டது, ஒன்று பால் குடிக்கிறது என்றார். பார்க்கலாமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

“நான் போகலாமா சார்?” என்றேன்.

“போகலாம்” என்றார், அடுத்த தாளை எடுத்துக்கொண்டே.